போயிட்டு வாறன் என்று சொல்லும் ஊர்

பிள்ளை வெளிநாடு போகிறாள் என்றால் எமது பகுதித் தாய்மாருக்கு இரண்டு வழிகள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டி அனுப்புவது. மற்றது, வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கிற்குச் செல்வது. இரண்டிலும் போனவர் எப்போது திரும்புவார் என்பது தெரியாது. பாடசாலைப் பிள்ளை ஒருத்தி சில நாட்கள் வேறொரு நாட்டைப் பார்த்து, அங்குள்ள குடும்பம் ஒன்றுடன் தங்கி, மீண்டும் தன் வகுப்பறைக்கே திரும்பி வருவது எமக்குப் பழக்கமில்லாத பயணம். ஆகவே அப்படியொரு வாய்ப்பு வரும்போது மகிழ்ச்சிக்கு முன்னர் பயமே வருகின்றது.

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் கீழ், வடக்கின் பாடசாலைகளைச் சேர்ந்த 10 மாணவிகள் யப்பானுக்குச் சென்றனர். அவர்களுக்குப் பொறுப்பாக நானும் இன்னொரு ஆசிரியையும் சென்றோம். ரோக்கியோவில் 2 நாட்கள், ஹிரோசிமாவில் 6 நாட்கள். ஹிரோசிமாவில் 4 இரவுகள் அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் தங்குவதாக ஏற்பாடு. மாணவிகள் அனைவரும் 16, 17 வயதினர். 2009 இல் அவர்களுக்கு ஆறு, ஏழு வயது. வன்னிப் பிள்ளைகள் முகாமில்தான் பாடசாலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

அந்தப் பயணத்தில் பார்த்தவற்றையும், இனி இப்படியான வாய்ப்பு வந்தால் தாய்மார் என்ன கேட்டறிய வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகின்றேன்.

தாய்மார் கேட்டவை

பயணத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் பெற்றோர் கூட்டம் வைத்தோம். வந்தவர்களில் அநேகமானோர் தாய்மாரே. யார் செலவு செய்கிறார்கள், என்ன சாப்பாடு, சுகமில்லாமல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். எல்லோரையும் உறுத்திய கேள்வி ஒன்றுதான்: "முன்பின் தெரியாத ஆட்களின்ர வீட்டில குமர்ப்பிள்ளையை எப்பிடி ரீச்சர் விடுறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எம்மிடம் சில ஏற்பாடுகள் இருந்தன. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தனியாகத் தங்குவதில்லை. இரண்டு பேராகவே தங்குவார்கள். வீட்டில் வயதுவந்த பெண் ஒருவர் இருக்க வேண்டும். குடும்ப விபரமும் தொலைபேசி இலக்கமும் முன்கூட்டியே தாய்மாருக்குத் தரப்படும். ஒவ்வொரு இரவும் ஆசிரியை பிள்ளையுடன் நேரே கதைப்பார். பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமலே ஆசிரியைகள் தங்கும் விடுதிக்குக் கூட்டி வரப்படுவாள்.

ஒன்பது தாய்மார் சம்மதித்தார்கள். கிளிநொச்சிப் பக்கத்துத் தாய் ஒருவர் மட்டும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், என்ர மனிசனும் போயிட்டு வாறன் எண்டு சொல்லித்தான் போனவர். பத்து வருசமாப் போச்சு. இவளும் அப்பிடிச் சொல்லிப்போட்டுப் படலையைத் தாண்டிப் போனா எனக்கு நெஞ்சு நிண்டிடும்."

இதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. உங்களுக்கு என்ன தெரிந்தால் மனம் ஆறும் என்று மட்டும் கேட்டேன். அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு மாலை பாடசாலைக் கணினியில் அதற்கு ஒழுங்கு செய்தோம். இரண்டு தாய்மாருக்கும் பொதுவான மொழி இல்லை. யப்பானியத் தாய், பிள்ளைகள் படுக்கும் அறையையும், விரித்துக் காட்டிய இரண்டு மெத்தைகளையும், உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய குளியலறைக் கதவையும், தன்னுடைய 15 வயது மகளையும் காட்டினார். பின்னர் தன் நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். எங்கள் தாய் அடுத்த நாள் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

ரோக்கியோவில் இரண்டு நாட்கள்

கட்டுநாயக்காவில் இருந்து நரித்தா விமான நிலையத்திற்கு ஏறத்தாழ 9 மணித்தியாலப் பயணம். யப்பானின் நேரம் எம்மை விட மூன்றரை மணித்தியாலம் முன்னால் நிற்கும். இரவு ஏறிய நாங்கள் விடியக் காலையில் இறங்கினோம்.

ரோக்கியோவின் அசகுசா பகுதியில் உள்ள சென்சோ விகாரைக்குப் போனோம். வாசலில் பென்னம்பெரிய சிவப்புக் கூடு ஒன்று தொங்குகின்றது. முற்றத்துச் சட்டியில் ஊதுவத்தி எரிகின்றது. வருபவர்கள் அந்தப் புகையைக் கைகளால் அள்ளித் தலையிலும் தோளிலும் பூசிக்கொள்கிறார்கள். கற்பூர ஆராத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்ளும் எங்கள் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய விகாரை என்று நினைத்துத்தான் பார்த்தோம். ஆனால் 1945 மார்ச் மாதம் நடந்த விமானக் குண்டுவீச்சில் பிரதான மண்டபம் எரிந்துபோய், 1958 இல் திரும்பக் கட்டப்பட்டது என்று வழிகாட்டி சொன்னார். அந்த ஒரே இரவில் ரோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இறந்தார்கள். வானளாவிய கட்டடங்களைப் பார்த்து வாயடைத்து நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, "அப்ப இதெல்லாம் எரிஞ்சு போன ஊரோ ரீச்சர்?" என்று கேட்டாள். அதன் பிறகு அவர்கள் அந்த நகரத்தைப் பார்த்த விதம் மாறியது.

அடுத்த நாள் அதிவேக ரயிலில் 4 மணித்தியாலத்தில் ஹிரோசிமாவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வீடுகளில்

யப்பானியரும் எங்களைப் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். மலசலகூடத்திற்கு மட்டும் வேறு செருப்பு வைத்திருப்பார்கள். படுப்பது பாய் போட்ட தரையில் மெத்தை விரித்து. காலையில் அதைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டும். குளிக்கும் முறைதான் புதிது. வெளியில் இருந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்த பிறகே சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதே தண்ணீரில் வீட்டார் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதால் அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டுவிடக்கூடாது. சாப்பிடும் தடிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தக்கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. படையல் என்றால் என்னவென்று தெரிந்த எங்கள் பிள்ளைகள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடாதவர்கள் யார், சைவச் சாப்பாட்டுக்காரர் யார் என்று முதலே எழுதிக் கொடுத்திருந்தோம். யப்பானியக் குழம்புகளில் மீன் அவித்த சாறு சேர்வதால் சைவப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சிரமம்தான். சோறு, முட்டை, சோயாக் கட்டி, மரக்கறி என்று சமாளித்தார்கள்.

என்னைத் தொட்டது வேறொரு விடயம். அங்கே வெளியில் புறப்படும் ஒருவர் "இத்தெகிமாஸ்" என்று சொல்வார். வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் சொல்வார். முதலாவதற்குப் பொருள் போய் வருகிறேன். இரண்டாவதற்குப் பொருள் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் "ததாய்மா" என்பார்கள், இதோ வந்துவிட்டேன் என்பதுபோல. உள்ளே இருந்து "ஒகாயேரி" என்று வரவேற்கும் குரல் வரும். போகிறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாறன் என்று சொல்வது எமக்கு மட்டும் உரிய பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கிளிநொச்சி மாணவி இரண்டாம் நாளே இந்தச் சொற்களைப் பழகிக்கொண்டாள். காலையில் அவளும் அந்த வீட்டு மகளும் படியிறங்கும்போது, அந்த அம்மா தெருவுக்கு வந்து அவர்கள் மறையும்வரை கையசைப்பார். பின்னேரம் கதவைத் திறந்து "ததாய்மா" என்றால் குசினிக்குள் இருந்து பதில் வரும். நான்கு நாட்களும் சொன்னபடியே போனாள், சொன்னபடியே வந்தாள். இரவில் தொலைபேசியில் தன் தாய்க்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாள். கடைசி இரவு, "அம்மாவும் ஒகாயேரி எண்டு சொன்னவா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிறர் வீட்டில் தங்குவது எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு விறாந்தையில் ஐந்து குடும்பங்களாக இருந்தோம். அந்த வீட்டுக்காரர் நல்லவர்கள். ஆனாலும் எங்கள் அம்மா விடியமுன் எழுந்து அவர்களுடைய முற்றத்தையும் கூட்டிவிடுவார். எங்களை மெதுவாகக் கதைக்கச் சொல்லுவார். அண்டி இருப்பவரின் உடம்பு தானாகவே சுருங்கிவிடும்.

முகாமில் இருந்து வந்து உறவினர் வீட்டில் வளர்ந்த கிளிநொச்சி மாணவியிடமும் அதே பழக்கம் இருந்தது. முதல் இரவு அரைவயிற்றுடன் எழுந்துவிட்டாள். சாப்பிட்ட கோப்பைகள் எல்லாவற்றையும் தானே கழுவத் தொடங்கினாள். அந்த அம்மா அவளைத் தடுக்கவில்லை. துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கழுவிய கோப்பைகளைத் துடைத்தார். அடுத்த நாள் கேட்காமலே இரண்டாம் தரம் சோறு போட்டார்.

"அங்க மாமி வீட்டில கோப்பை கழுவுறது வாடகை குடுக்கிற மாதிரி இருக்கும் ரீச்சர். இங்க அம்மாவோட நிண்டு செய்யிற மாதிரி இருந்தது" என்றாள் அவள். உதவி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடம் கொடுப்பதோடு, இருப்பவர் சுருங்காமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும்.

குண்டு விழுந்த நகரம்

1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி காலை 8.15 இற்கு ஹிரோசிமாவின் மீது அணுகுண்டு போடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் இறந்தனர். குண்டின் கீழ் நின்றவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தீ பரவாமல் இருக்க வீடுகளை உடைத்து வெளியாக்கும் வேலைக்கு 12, 13 வயதுப் பிள்ளைகளை அரசு இறக்கியிருந்தது. இறந்த மாணவர் தொகை 6,000 இற்கும் அதிகம்.

சமாதான ஞாபகார்த்த நூதனசாலையில் அந்தப் பிள்ளைகளின் கிழிந்த சீருடைகளும் கரிந்த சோற்றுப் பெட்டி ஒன்றும் உள்ளன. மகனைத் தேடிப்போன தாய் ஒருவர் அந்தப் பெட்டியை வைத்தே அவனது உடலை அடையாளம் கண்டார். சாப்பிடாத சோறு உள்ளே கரியாகிக் கிடக்கின்றது. பக்கத்தில் ஒரு மூன்று சில்லுச் சைக்கிள். இறந்த சிறு மகனைத் தகப்பன் அந்தச் சைக்கிளோடு வீட்டு முற்றத்தில் புதைத்தார். 40 வருடங்களின் பின் 1985 இல் தோண்டி எடுத்து, மகனின் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். சைக்கிளை நூதனசாலைக்குக் கொடுத்தார்.

உள்ளே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று நாம் முதலே சொல்லியிருந்தோம். இரண்டு பிள்ளைகள் வரவில்லை. மற்ற ஆசிரியையுடன் வெளியில் இருந்தார்கள். அங்கே அலரி பூத்திருந்தது. எங்கள் கோயில் வீதிகளில் நிற்கும் அதே அலரிதான் ஹிரோசிமா நகரத்தின் மலர். குண்டு விழுந்த பிறகு முதலில் பூத்த பூ என்பதால் அதைத் தெரிவு செய்தார்களாம். மனம் தாங்காத இடத்தில் வெளியே இருப்பது பலவீனம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும்.

உயிர் தப்பிய பெண்களின் கதை அதோடு முடியவில்லை. குண்டில் அகப்பட்டவள் என்று தெரிந்தால் கலியாணம் குழம்பும், பிறக்கும் பிள்ளைக்கும் வருத்தம் வரும் என்று ஊர் கதைக்கும். ஆகவே பலர் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டம்கூட 1957 இல்தான் வந்தது. பின்னர் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். இப்போது முதுமையடைந்துவிட்ட அவர்களிடம் கதையைக் கேட்டுப் பழகி, அவர்களுக்குப் பின்னும் சொல்வதற்கு மற்றவர்களை நகரசபை 2012 முதல் பயிற்றுவிக்கின்றது.

இடிந்த கட்டடம் ஒன்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க மனம் பொறுக்கவில்லை, உடைத்துவிட வேண்டும் என்று முன்னர் பலர் சொன்னார்களாம். ஒரு வயதில் குண்டில் அகப்பட்டு, 16 வயதில் 1960 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த மாணவி ஒருத்தி, அந்தக் கட்டடம் நிலைத்து நிற்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தாள். அதைப் படித்த பிள்ளைகள் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 1966 இல் நகரசபை அதைப் பாதுகாக்கத் தீர்மானித்தது. 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது.

பெண்கள் ஓட்டிய ட்ராம்

ஹிரோசிமாத் தெருக்களில் இன்றும் ட்ராம் வண்டிகள் ஓடுகின்றன. ஆண்கள் யுத்தத்திற்குப் போய்விட்டதால் 1943 இல் ட்ராம் நிறுவனம் பெண்களுக்கு ஒரு பாடசாலை தொடங்கியது. பதின்ம வயதுப் பெண்கள் அங்கே படித்துக்கொண்டே ட்ராம் ஓட்டினார்கள், சீட்டுக் கிழித்தார்கள். குண்டு விழுந்து மூன்றாம் நாள், ஓகஸ்ட் 9 ஆம் திகதி, தெருவின் ஒரு சிறு பகுதியில் ட்ராம் திரும்ப ஓடியது. அதில் வேலை செய்தவர்களில் அந்தப் பெண்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பாடசாலை மூடப்பட்டது. பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைக் கேட்ட எங்கள் பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களின் தாய்மாரும் யுத்த காலத்தில் எல்லா வேலையும் செய்தவர்கள்தானே!

அந்த ஊரின் பேர்பெற்ற சாப்பாடு ஒகோனோமியாகி. மாவைத் தோசை போல மெல்லிதாக ஊற்றி, மேலே நிறையக் கோவா, நூடில்ஸ், முட்டை அடுக்கி இரும்புத் தட்டில் வேகவைப்பார்கள். யுத்தத்தின் பின் கணவரை இழந்த பெண்கள் பலர் வீட்டின் முன்பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டு இதை விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். வீதியோரத்தில் அப்பம் சுட்டு விற்கும் எங்கள் சகோதரிகளை நான் நினைத்துக்கொண்டேன்.

எதிரி நாட்டில் தங்கிய 25 பெண்கள்

ஹிரோசிமாப் பெண்களும் ஒரு காலத்தில் வெளிநாட்டு வீடுகளில் தங்கப் போனவர்கள்தான். குண்டின் தீக்காயத்தால் முகமும் கைகளும் சிதைந்த 25 இளம் பெண்கள் 1955 இல் சத்திரசிகிச்சைக்காக நியூயோர்க் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். குண்டு போட்ட நாடு அது. தனிமோத்தோ கியோஷி என்ற ஹிரோசிமாப் போதகரும், நோர்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரும் அதை ஒழுங்கு செய்தார்கள். சிகிச்சைகளுக்கு இடையில் அப்பெண்கள் பெரும்பாலும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் வீடுகளில் தங்கினார்கள். ஒரு பெண் 1956 இல் சத்திரசிகிச்சையின்போது இறந்துபோனார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். எதிரியின் நாடு என்று பயந்து போனவர்கள், சாப்பாடு போட்ட தாய்மாரின் முகத்தோடு திரும்பினார்கள்.

கடைசி நாள் படகில் மியாஜிமா தீவுக்குப் போனோம். கடல் பெருகும்போது தண்ணீரில் நிற்கும் கோயிலையும் தெருவில் திரியும் மான்களையும் பார்த்துப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளாகி ஓடித் திரிந்தார்கள். மான் ஒன்று ஒருத்தியின் கடதாசிப் பையைத் தின்றுவிட்டது. அன்று சிரித்த சிரிப்பும் அவர்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது.

தாய்மார் கவனத்திற்கு

இப்படியான அழைப்பு வந்தால் பயத்தினால் மட்டும் மறுத்துவிடாதீர்கள். விசாரித்து முடிவு செய்யுங்கள்.

- அழைப்புக் கடிதத்தைப் பாடசாலை அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் காட்டி உறுதி செய்யுங்கள். தனிப்பட்ட ஒருவர் கையில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

- 16 வயதிற்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டிற்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும். கணவர் காணாமற்போயிருந்தால் என்ன ஆவணம் தேவை என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் காலத்துடன் விசாரியுங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்துள்ளது.

- தங்கும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை எங்கே படுப்பாள், துணைக்கு யார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

- சாப்பாடு, மருந்து, மாதவிடாய்த் தேவை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

- வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்லி அனுப்புங்கள். உள்ளூரிலும் பிள்ளையின் பாதுகாப்பில் சந்தேகம் எழுந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்திற்குச் சொல்லலாம்.

அடுத்த வருடம் அந்த யப்பானியப் பிள்ளைகள் எங்களிடம் வருவதாக இருந்தது. 2020 இல் கொரோனா வந்து அது நடக்கவில்லை. ஆனால் கூட்டம் ஒன்றில், வருபவர்களை யார் வீட்டில் தங்க வைப்பது என்று கேட்டபோது முதலில் கை உயர்த்தியவர் கிளிநொச்சித் தாய்தான். அவருடையது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு. "ஒரு அறையை அதுகளுக்குக் குடுத்திட்டு நாங்கள் மற்றதில படுப்பம். இரண்டாந்தரம் சோறு போட என்னட்டையும் இருக்கு" என்றார்.

வாய்ப்பு இன்னொரு முறை வரும். அப்போது அனுப்புவதற்கு மட்டுமல்ல, வருபவரை ஏற்பதற்கும் எமது வீடுகள் தயாராக இருக்கட்டும்.